கழுத்தில் பாம்பும் கையில் போனும்

2024 டிசம்பர் கடைசியில் கோவை மாவட்டம் காரமடைப் பக்கத்து யூடியூபர் டி.டி.எஃப். வாசன், கையில் பாம்பைச் சுற்றிக்கொண்டு ஒரு காணொளி வெளியிட்டார். வனத்துறை விசாரணையில் இறங்கியது. முறையாக வாங்கிய வெளிநாட்டுப் பாம்பு, உரிமம் இருக்கிறது என்பது அவர் தரப்பு விளக்கம். அந்த விவகாரத்தின் சரி தப்பை விசாரிக்க வேண்டியவர்களிடமே விட்டுவிடலாம். அது கிளப்பிவிட்ட கேள்விதான் நமக்கு முக்கியம். "ஏனுங்க, நாயைக் கூட்டிக்கிட்டு ரேஸ்கோர்ஸ்ல நடக்கறாங்க, கிளியைத் தோள்ல வெச்சுக்கிட்டு கடைக்குப் போறாங்க. நான் வளர்க்கற பாம்பை வெளிய கொண்டுபோனா மட்டும் என்னங்க தப்பு?"

கேள்வி நியாயமானதுதான். பதில் எந்தப் பாம்பு என்பதைப் பொறுத்தது. நம் நாட்டுப் பாம்பென்றால் வெளியே கொண்டுபோகும் பேச்சே எழாது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுப் பாம்பென்றால், உரிய பதிவு இருந்தால் வீட்டுக்குள் வளர்க்கலாம். மருத்துவரிடம் கொண்டுபோவதைத் தவிர வேறெதற்காகவும் அதை வாசல் தாண்ட விடாமல் இருப்பதே உங்களுக்கும் அதற்கும் நல்லது. ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது, பாம்பின் உடம்பிலும் இருக்கிறது, நம் ஊர்த் தோட்டங்களிலும் இருக்கிறது.

நாட்டுப் பாம்பு: தொட்டாலே வழக்கு

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022-இல் அதைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடப்பில் இருக்கிறது. நாகம், ராஜநாகம், கண்ணாடிவிரியன், மலைப்பாம்பு மட்டுமல்ல, நம் வரப்பிலும் பாக்குத்தோப்பிலும் சர்வசாதாரணமாக ஓடும் சாரையும் இன்று முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உரிய அட்டவணை அது. அந்த அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "விஷமில்லாத பாம்புதானே" என்ற வாதம் இங்கே எடுபடாது.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று: அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பதும் வேட்டை, பொறி வைப்பதும் வேட்டை. ஆகவே தோட்டத்தில் கண்ட சாரையைப் பிடித்து, கழுத்தில் போட்டு, படமெடுத்து, பிறகு பத்திரமாக விட்டுவிட்டாலும் குற்றம் நடந்தாகிவிட்டது. அதற்குச் சாட்சி நீங்களே பதிவேற்றிய காணொளி. கோவையிலேயே சாரைப் பாம்பை வைத்துப் பேசிக் காணொளி வெளியிட்டவர்கள்மீது வனத்துறை நடவடிக்கை எடுத்ததுண்டு. விழிப்புணர்வுக்காகச் செய்தோம் என்று சொல்லலாம். விழிப்புணர்வு ஊட்ட பாம்பைத் துன்புறுத்தத் தேவையில்லை என்பது வனத்துறையின் பதிலாக இருக்கும். பிடிக்கப் பயன்பட்ட கருவியும் கொண்டுபோன வண்டியும் பறிமுதலாகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தவணை கட்டி முடியாத பைக் ஒரு ரீல்ஸுக்காக வனச்சரக அலுவலக வாசலில் துருப்பிடித்து நிற்கும்.

மண்ணுளிப் பாம்பு தனிக் கதை. இருதலை மணியன் என்று சொல்லி, இத்தனை கிலோ இருந்தால் இத்தனை லட்சம், கோடி என்று ஆசை காட்டும் கும்பல்கள் அவ்வப்போது பிடிபடுகின்றன. வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்பதும், ஏதோ பெரிய மருந்துக்குப் போகிறது என்பதும் கட்டுக்கதை. அதற்கு இரண்டு தலையும் கிடையாது. வால் மொண்ணையாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை வாங்குவதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

கிணறு வெட்டும்போதோ கரும்பு வெட்டும்போதோ மலைப்பாம்புக் குட்டி கிடைத்து, பையன் ஆசையாக ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டான் என்று வையுங்கள். காட்டு விலங்கு கையில் வந்தவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 39-வது பிரிவு. அந்த இரண்டு நாளுக்குள் சொல்லிவிட்டால் தகவல் கொடுத்த ஆள், அதற்கப்புறம் பிடிபட்டால் குற்றவாளி.

வெளிநாட்டுப் பாம்பு: தாள் இருக்கிறதா?

நம் ஊர்ச் செல்லப்பிராணிப் பிரியர்களிடம் அதிகம் புழங்குவது பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. மிரண்டால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். உலக வனஉயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் உயிரினங்களும் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. அதாவது, "வெளிநாட்டுப் பாம்புக்கு இந்தியச் சட்டம் பொருந்தாது" என்று கடைக்காரர் சொன்னால், அவர் பழைய காலத்தில் நிற்கிறார்.

2024 பிப்ரவரி 28 அன்று இதற்கான பதிவு விதிகள் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம், புதிதாக வாங்குபவர்களுக்கு 30 நாள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்தால், மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் பதிவு தருவார். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், இன்னொருவருக்குக் கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் தரும் ரசீதோ வாட்ஸ்அப்பில் வரும் ஏதோவொரு சான்றிதழ்ப் படமோ இந்தப் பதிவுக்கு ஈடாகாது. "எல்லா பேப்பரும் பக்காங்க" என்று விற்பவர் சொன்னால், உங்கள் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்து தரச் சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே தடுமாறினால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பர்மியப் பைத்தானும் வலைப்பின்னல் பைத்தானும் வெளிநாட்டுப் பாம்பு என்று நம்பி வாங்குகிறார்கள். முன்னது நம் வடகிழக்கு மாநிலங்களில் இயல்பாக வாழ்வது, பின்னது நிக்கோபார் தீவுகளிலும் உண்டு. இரண்டும் முதல் அட்டவணை. மஞ்சளும் வெள்ளையுமாக வளர்ப்பில் நிறம் மாற்றப்பட்டிருந்தாலும் இனம் மாறாது, தண்டனையும் மாறாது. அடுத்தது கார்ன் ஸ்நேக். அது சைட்டிஸ் பட்டியலில் இல்லாததால் தாளே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். அது எப்படி நாட்டுக்குள் வந்தது என்ற சுங்கத்துறைக் கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும். அது வெறுங்கேள்வியல்ல. 2023 ஜூலை கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 பைத்தான்களும் 2 பல்லிகளும் இருந்தன. துளையிட்ட டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். நம் சந்தைக்கு வரும் "செல்லங்கள்" எல்லாம் பண்ணையில் பிறந்து வளர்ந்தவை என்று நம்புவோர் அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம்.

வெளியே கொண்டுபோவதன் சட்டச் சிக்கல் இங்கேதான் கூர்மையாகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, ஓர் உயிரினம் உங்கள் வசம் இருப்பது உறுதியானால், முறைகேடாக வைத்திருக்கிறீர்கள் என்றே முதலில் கொள்ளப்படும். முறையாக வைத்திருப்பதாக நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வழக்கமான குற்ற வழக்குகளில் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும், இங்கே சுமை உங்கள் தலையில். வாலாங்குளக் கரையில் சாயங்காலம் பாம்போடு நடந்து, யாரோ 112-ஐ அழைத்து, வண்டி வந்து நிற்கும்போது பதிவுச் சான்று வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

பதிவு கையிலேயே இருந்தாலும் இன்னொரு சட்டம் காத்திருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. இது நாய்க்கும் பொருந்தும், மாட்டுக்கும் பொருந்தும், பாம்புக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும். பாம்பைக் கண்டு மிரண்டு ஸ்கூட்டரோடு ஒருவர் விழுந்தால், "கடிக்கவே இல்லைங்க" என்ற சமாதானம் அவருடைய உடைந்த காலுக்கு உதவாது.

கண்ணாடிவிரியன் இருக்கும் ஊரில்

சட்டத்தை விடுங்கள். என்னைக் கேட்டால் மிகப் பெரிய ஆபத்து வேறொன்று.

பால் பைத்தானை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கட்டையான உடல், குட்டையான வால், பழுப்பு மேல் கறுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டான கோலம். இப்போது கண்ணாடிவிரியனை நினைத்துப் பாருங்கள். அதே கட்டை உடல், அதே பழுப்பு, வரிசையாகக் கறுத்த வளையத் திட்டுகள். பாம்பை அறிந்தவருக்கு இரண்டும் வேறு வேறு என்று ஒரு நொடியில் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பெரியவர்களே கண்ணாடிவிரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபடுவது இந்தியாவில் நெடுங்காலமாக நடக்கும் விபத்து. சுருட்டைவிரியனை மண்ணுளி என்று எண்ணித் தொட்டவர்களும் உண்டு.

சரவணம்பட்டி அடுக்குமாடி வளாகத்தில் ஒரு அண்ணன் பாம்பை வெளியே எடுத்துவந்து, "தொட்டுப் பாரு கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்று பிள்ளைகள் கையில் கொடுக்கிறார் என்று வையுங்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பொங்கல் விடுமுறைக்கு அந்தப் பிள்ளை கோபிப் பக்கம் அப்பிச்சி தோட்டத்துக்குப் போகிறது. மோட்டார் ரூம் ஓரம் சுருண்டு கிடப்பதைப் பார்க்கிறது. அன்றைக்கு அண்ணன் ஊட்டிய தைரியம்தான் இன்றைக்கு அதன் கையை நீட்ட வைக்கும். பாம்பைப் பற்றிய பயத்தைப் போக்குவது நல்ல காரியம் என்று சொல்பவர்களை மதிக்கிறேன். மூடப் பயம் போகட்டும், தள்ளி நிற்கும் பழக்கம் போகக் கூடாது. கொங்கு நாட்டில் நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் சுருட்டையும் நான்குமே இருக்கின்றன. காட்டு வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு அந்தத் தள்ளி நிற்றலே கவசம்.

தலைகீழாகவும் நடக்கும். கையிலிருந்து நழுவிய செல்லப் பாம்பைப் பார்த்து, இது ஆப்பிரிக்காக்காரன் என்று யாரும் நிதானிக்கப் போவதில்லை. தடி வரும். பாம்பு பிடித்துப் பழகியவர்களுக்கே ஒரு நொடி பிசகினால் மீட்சி இல்லை. கோவையில் ஏராளமான பாம்புகளை மீட்ட ஒருவர் 2025 மார்ச்சில் நாகம் கடித்து இறந்துபோனார். பாம்பு யாருக்கும் பழகுவதில்லை. சில பாம்புகள் சில நேரம் பொறுத்துக்கொள்கின்றன.

வெயில், பருந்து, ஒட்டுண்ணி

பாம்பு வளர்ப்போரில் ஒரு தரப்பு, சூரிய ஒளி பட்டால் பாம்புக்கு நல்லது, அடைத்தே வைப்பது கொடுமை என்று வாதிடும். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் பால் பைத்தான் இரவில் நடமாடும் உயிர். பகலில் வளைக்குள் ஒளிந்து கிடப்பதே அதற்கு நிம்மதி. பல பேர் கைமாறித் தொடுவது, வண்டிச் சத்தம், தரையதிர்வு எல்லாமே அதற்கு அச்சம். வளர்ப்பில் அதற்கு ஒத்துவருவது ஏறக்குறைய 24 முதல் 32 டிகிரி. சித்திரை மாதத்துக் கோவைத் தார்ச்சாலையையும் வெயிலில் நிறுத்திய காரின் உள்சூட்டையும் எண்ணிப் பாருங்கள். பாம்புக்கு வியர்க்காது, நாய்போல் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கவும் தெரியாது. நிழல் தேடி நகர்வது ஒன்றே அதன் வழி. உங்கள் கழுத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. வெயில் வேண்டுமென்றால் கூண்டுக்குள் அதற்கான விளக்கு கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். பணம் குறைவு, வழக்கு கிடையாது.

புல்தரையில் விட்டால் பருந்தும் கீரியும் பூனையும் தெருநாயும் இருக்கின்றன. ஓடிப்போனால் அநேகமாகச் செத்துப்போகும். சாகாமல் பிழைத்தால் இன்னும் மோசம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்பிலிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பர்மியப் பைத்தான்கள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தையே மாற்றிவிட்டன. 2012-இல் வெளியான ஆய்வொன்று, அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டது என்றது. அந்தப் பைத்தான்களோடு வந்த நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று அங்குள்ள உள்நாட்டுப் பாம்புகளுக்கும் தாவியது. நமக்குப் பக்கத்தில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனைகட்டியிலும் சிறுவாணியிலும் வால்பாறையிலும் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை. வளர்க்கச் சலித்துப்போன வெளிநாட்டுப் பாம்பை "காட்டுல விட்டுட்டா பொழைச்சுக்கும்" என்று மருதமலை அடிவாரத்தில் விடுவது புண்ணியம் இல்லை, அந்த மலைக்குச் செய்யும் துரோகம்.

மனிதருக்கும் ஒரு சின்ன எச்சரிக்கை. வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் பாம்பின் உடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கழுத்தில் போட்டுப் படமெடுத்துவிட்டு அதே கையால் கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடித்துவிட்டால்

பைத்தான் கடிக்கு விஷமில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு மருத்துவரைப் பாருங்கள். நம் ஊர்ப் பாம்போ என்ற சிறு சந்தேகம் இருந்தாலும் விஷக்கடி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது. பச்சிலை தேடி, மந்திரம் போடுபவரைத் தேடி நேரத்தை விடக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோகத் தேவையில்லை, தள்ளி நின்று ஒரு படம் எடுத்தால் போதும். இந்தியாவில் புழங்கும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கு மட்டுமே. வெளிநாட்டு விஷப்பாம்பு கடித்தால் இங்கே மருந்தே இருக்காது. ஆகவே அதை வளர்க்கும் யோசனையே வேண்டாம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனையானாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அதிகாரிகள் வந்தால், அடுத்த வீட்டில் இருந்தால்

வனத்துறையினருக்குச் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-வது பிரிவு அதிகாரம் தருகிறது. தடுக்காதீர்கள், பாம்பை ஒளிக்காதீர்கள், காணொளியை அழித்துவிட்டால் தப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். அதேசமயம் உங்கள் உரிமையையும் விட வேண்டியதில்லை. என்னென்ன எடுத்தார்கள் என்ற மகஜரின் நகல் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும். பதிவுக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்களும் முதலில் அங்கே யோசனை கேட்டுவிட்டு, பிறகு தாமாகவே வனத்துறையை அணுகுவது உத்தமம். பிடிபட்டபின் சொல்வதைவிட முன்னால் போய்ச் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

பறிமுதலான வெளிநாட்டுப் பாம்பைக் காட்டில் விட முடியாது, உயிரியல் பூங்காதான் கதி. கோவை வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் 2022-இல் ரத்தாகிவிட்டதால், உங்கள் பாம்புக்கு உள்ளூரில் இடம்கூட இல்லை.

பக்கத்து வீட்டில் யாரோ பாம்பு வளர்க்கிறார்கள் என்றால் உடனே கலவரமாக வேண்டாம். பதிவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. மழுப்பினாலோ, குழந்தைகள் நடுவே கொண்டுவந்தாலோ வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கோவை வனக்கோட்டத்துக்குள் மதுக்கரை, போளுவாம்பட்டி, பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை என்று சரகங்கள் இருக்கின்றன, உங்கள் ஊர் எதில் வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு தப்பிவிட்டது என்று தெரிந்தால் தீயணைப்புத் துறையும் வரும், எண் 101. வரும்வரை அது போகும் திசையைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தால் போதும், அடிக்கக் கிளம்பாதீர்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் வேறு வழியின்றிக் கொன்றால் சட்டம் பொறுக்கும், பயத்தில் துரத்தித் துரத்திக் கொன்றால் பொறுக்காது. வாளையாறு தாண்டினால் கேரள வனத்துறை, பயிற்சி பெற்ற மீட்பர்களைச் சர்ப்பா என்ற செயலி வழியே அனுப்பிவைக்கிறது. இங்கே யாரையாவது அழைக்கும்போதும் வனத்துறையின் ஒப்புதல் உள்ளவர்தானா என்று கேளுங்கள். மீட்க வந்தவர் பாம்பின் வாலைப் பிடித்துக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டத் தொடங்கினால் ஆள் சரியில்லை.

வளர்ப்பவர்கள் பாம்பை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டிய ஒரே சந்தர்ப்பம் மருத்துவம். பாம்பு பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் குறைவு, முன்கூட்டியே பேசி நேரம் வாங்குங்கள். மெல்லிய பருத்திப் பையில் விட்டு வாயைக் கட்டி, காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் அந்தப் பையை வைத்துப் பூட்டுங்கள். தீனி போட்ட ஓரிரு நாளில் கொண்டுபோகாதீர்கள், கக்கிவிடும். காலையிலோ வெயில் தாழ்ந்தோ கிளம்புங்கள். காரில் போங்கள், பேருந்து வேண்டாம். பதிவுச் சான்றின் நகலும் ஆதாரும் கையில் இருக்கட்டும். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் பெட்டியைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், யாராவது "உள்ள என்னங்க" என்று கேட்டாலும் திறந்து காட்டாதீர்கள்.